கடல் தரவின் மாறிகளுக்கு ஒரே பெயர் வைப்பது எப்படி?

கப்பலிலிருந்து இறக்கிய சீ-பேர்ட் நிறுவனத்தின் சிடிடி கருவியின் (நீரின் மின்கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அளப்பது) கோப்பில் வெப்பநிலைக்குப் பெயர் 'டி090சி'. கடலில் தானாக மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவையின் கோப்பில் அதுவே 'டெம்ப்'. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட வேண்டுமானால் பொதுவான பெயர் வேண்டும். அதற்குப் பலரும் பின்பற்றுவது காலநிலை, வானிலைத் தரவுக் கோப்புகளுக்கான சிஎஃப் மரபின் 'ஸ்டாண்டர்ட் நேம்' பட்டியல். பைத்தானில் இத்தகைய கோப்புகளைத் திறக்கும் எக்ஸ்அரே தொகுப்பு கொஞ்சம் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

படி 1: கோப்பில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

பெயர், அலகு, சென்சார் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறியுங்கள். சிடிடி கோப்பின் தலைப்பு வரிகளிலேயே இவை இருக்கும். 'டி090சி'யில் 0 என்பது முதல் சென்சார், 90 என்பது 1990ஆம் ஆண்டின் வெப்பநிலை அளவுகோல், சி என்பது செல்சியஸ். 68 என்று இருந்தால் பழைய அளவுகோல். அந்த எண்ணை 1.00024ஆல் வகுத்தால் புதியது கிடைக்கும்.

படி 2: அளந்தது எது என்று முடிவுசெய்யுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். உப்புத்தன்மையைப் பாருங்கள். 1978 அளவுகோலின்படி வரும் 'பிராக்டிகல் சாலினிட்டி'க்கு அலகே கிடையாது. கடல்நீரின் பண்புகளைக் கணக்கிடும் புதிய டியோஸ்-10 முறையின் 'அப்சொல்யூட் சாலினிட்டி' ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று வரும். முதலாவதில் 35 என்றால் இரண்டாவதில் சுமார் 35.17. ஆர்கோ எட்ட நினைக்கும் துல்லியமே 0.01தான். அப்படியிருக்க, இரண்டையும் கலந்துவிட்டால் கடலில் இல்லாத ஒரு வேறுபாடு வரைபடத்தில் தோன்றும்.

ஆர்கோ கோப்பில் 'பிசால்' என்ற உப்புத்தன்மை மாறிக்கு ஸ்டாண்டர்ட் நேம் பொதுவாக 'சீ_வாட்டர்_சாலினிட்டி' என்றுதான் இருக்கும். மதிப்புகள் பிராக்டிகல் என்பதால் 'சீ_வாட்டர்_பிராக்டிகல்_சாலினிட்டி' என்று மாற்றி, அலகாக 1 என்று எழுதுங்கள். வெப்பநிலையிலும் நேரடியாக அளந்தது, பொட்டென்ஷியல் (அழுத்தத்தின் விளைவை நீக்கியது), கன்சர்வேட்டிவ் (நீரின் வெப்ப அளவை வைத்து டியோஸ்-10 கணக்கிடுவது) என மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

படி 3: பெயரைப் பண்பாகச் சேருங்கள்

'டெம்ப்' என்ற குறும்பெயர் அப்படியே இருக்கலாம். சிஎஃப் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. மாறியின் 'ஆட்ரிபியூட்' பகுதியில் 'ஸ்டாண்டர்ட்_நேம்' என்ற இடத்தில் 'சீ_வாட்டர்_டெம்பரேச்சர்' என்று எழுதுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவே அடிக்கோடு. 'யூனிட்ஸ்' என்ற இடத்தில் அலகு.

படி 4: அலகை மாற்றுங்கள்

ஆக்சிஜன் லிட்டருக்கு மில்லிலிட்டரில் இருந்தால் 44.66ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மைக்ரோமோல் வரும். அதை நீரின் அடர்த்தியால் (லிட்டருக்குக் கிலோவில், சுமார் 1.025) வகுத்தால் ஆர்கோ பயன்படுத்தும் கிலோவுக்கு மைக்ரோமோல். இரண்டு அலகுக்கும் ஸ்டாண்டர்ட் நேம் வேறு. எண்ணை மாற்றினால் பெயரையும் மாற்றியாக வேண்டும்.

அழுத்தத்தை ஆழம் என்று பெயர் மாற்றி விட்டுவிடாதீர்கள். 1000 டெசிபார் (அழுத்தத்தின் அலகு) என்பது சுமார் 990 மீட்டர்தான், அதுவும் அட்சரேகையைப் பொறுத்து நகரும். டியோஸ்-10இன் ஜிஎஸ்டபிள்யூ என்ற நிரல் தொகுப்பில் இதற்கான கணக்கு இருக்கிறது. அது தரும் உயரம் எதிர்க்குறியோடு வரும், கவனம்.

படி 5: சரிபாருங்கள்

சிஎஃப் விதிகளைச் சோதிக்கும் சிஎஃப் செக்கர் நிரலில் கோப்பைக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத பெயரையும் பொருந்தாத அலகையும் அது காட்டிவிடும். ஆனால் பொட்டென்ஷியல் வெப்பநிலைக்குச் சாதாரண வெப்பநிலையின் பெயரை வைத்திருந்தால் அதற்குத் தெரியாது. அதனால் அருகருகே எடுத்த ஒரு சிடிடி, ஒரு ஆர்கோ பதிவின் வெப்பநிலை-உப்புத்தன்மைக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். ஆழத்தில் அவை சீரான இடைவெளியில் விலகி ஓடினால், சென்சாரைச் சந்தேகிக்கும் முன் படி 2க்குத் திரும்புங்கள்.