பீனிக்ஸ் போகிறவர்களுக்கு: சம்ப் பம்ப் வேண்டுமா, எவ்வளவு ஆகும்?

தக்கலையில் என் வீட்டுக்கு வந்து, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸில் வாடகை எவ்வளவு, எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. ஒன்பது வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன் நான். சம்ப் பம்ப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. பாலைவனத்தில் அதற்கென்ன வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நம்மூரில் சம்ப் என்றால் நல்ல தண்ணீரைச் சேர்த்து வைக்கிற தரைக்கடித் தொட்டி. அங்கே நேர் எதிர். நிலவறை மூலையில் ஒரு குழி இருக்கும். வேண்டாத தண்ணீர் அதில் வந்து சேர, மிதவை உயர்ந்ததும் பம்ப் தானாக ஓடி வெளியே தள்ளும். வீடு காட்ட வந்த ஏஜென்ட் “சம்ப் இருக்கிறது” என்றதும், சரி, தண்ணீர்ப் பஞ்சத்துக்குக் கவலையில்லை என்று நான் மகிழ்ந்துபோனேன்!

பீனிக்ஸில் வருடம் முழுக்கப் பெய்வதே சுமார் 180 மில்லிமீட்டர்தான். இங்கே ஒரு நல்ல ஐப்பசி போதும், அதைத் தாண்டிவிடும். ஆனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை அவர்களுக்கும் பருவமழை உண்டு. நம்மூர் இடவப்பாதி மழை மாதிரி நின்று நிதானமாகப் பெய்யாது, அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். இறுகிய மண் தண்ணீரை இழுக்காது.

வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சம்ப் பம்ப் செலவு பெரும்பாலும் இல்லை, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். வாங்குகிறவர்களும் பதற வேண்டாம். அங்கே பெரும்பாலான வீடுகள் தரையோடு போட்ட கான்கிரீட் தளத்தில் நிற்பவை. நிலவறை இருந்தாலோ, பின்முற்றம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தாலோ மட்டும் யோசித்தால் போதும். முற்றத்துச் சரிவு பலநேரம் மண் வெட்டிச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும்.

இனி செலவு. பம்ப் மட்டும் சுமார் 150 முதல் 400 டாலர். குழி ஏற்கெனவே இருந்தால் பொருத்துகிற கூலியோடு ஆயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். புதிதாகக் குழி தோண்டி, குழாய் இழுத்து, மின்இணைப்பும் கொடுப்பதென்றால் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். செலவை ஏற்றிவிடுவது மண்தான். கலீச்சி என்று ஒன்று உண்டு, சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப் போன அடுக்கு. நம்மூர்ச் செம்மண்ணில் மண்வெட்டி போட்ட கைக்கு அது பிடிபடாது, இடிக்கும் இயந்திரம் வேண்டும். கலீச்சி தட்டுப்பட்டால் கூடுதல் கூலி எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை, அப்புறம் வாய் பேச முடியவில்லை.

ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு அரிசோனா மாநில உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர்தான் வேண்டும். தோண்டும் முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்தால், புதைந்திருக்கும் கம்பி, குழாய்களை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். வெளியேறும் தண்ணீரைச் சாக்கடைக் குழாயிலோ பக்கத்து வீட்டு மனையிலோ விடக்கூடாது.

பாலைவனத்துக்கே உரிய தொல்லை இன்னொன்று உண்டு. மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற பம்ப் இறுகிவிடும். எங்கள் பம்பும் அப்படித்தான், முதல் மழையன்று முனகிவிட்டு நின்றது. ஊரிலிருந்து அம்மா போனில், “அங்கேயும் வெள்ளமா மக்களே?” என்று கேட்க, கணுக்காலளவு தண்ணீரில் நின்றபடி ஆமாம் என்றேன். ஜூன் பிறக்கும் முன் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மிதவை எழுகிறதா, பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள். புயலோடு மின்சாரமும் போகலாம். மாற்று பேட்டரி போடுவதென்றால் கூடுதலாகச் சில நூறு டாலர் ஆகும். அதை வெயில் வாட்டும் கராஜில் வைக்காதீர்கள், சூட்டில் சீக்கிரம் செத்துவிடும்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், மே மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.