புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவதற்கு முன்: பேச்சிலும் எழுத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போனால், கேட்டவர் கவனிக்கவில்லை என்றோ சொன்னவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றோ காரணம் கூறுகிறோம். பெரும்பாலும் இரண்டுமே காரணமாக இருப்பதில்லை. தாம் சொன்னது சென்று சேர்ந்துவிட்டது என்று சொன்னவர் சரிபார்க்காமலேயே முடிவுகட்டிவிடுவதுதான் சிக்கலின் வேர். மற்றத் தவறுகளில் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

தமக்குத் தெரிந்தவை கேட்பவருக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணுவது அவற்றுள் முதன்மையானது. எலிசபெத் நியூட்டன் 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தினார். சிலர் எல்லோருக்கும் அறிமுகமான பாடல்களின் தாளத்தை விரலால் தட்டிக்காட்ட, அவை எந்தப் பாடல்கள் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் 3 மட்டுமே அடையாளம் காணப்பட்டன. தட்டியவரின் மனத்துக்குள் மெட்டும் சேர்ந்தே ஒலித்தது. கேட்டவருக்குக் கிடைத்தது வெறும் தட்டல். ஒரு துறையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் புதியவருக்கு விளக்கும்போது, தமக்குப் பழகிப்போன இடைப்படிகளைத் தாண்டிச் செல்வதும், சுருக்கப்பெயர்களை விரித்துச் சொல்லாமல் விடுவதும் இதே காரணத்தால்தான். எழுதியதை அத்துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று பார்ப்பது நல்லது. எழுதியவர் தாமே எத்தனை முறை படித்தாலும் அந்த இடைவெளி அவர் கண்ணுக்குப் படாது.

நெருக்கமானவர்களிடம் இத்தவறு குறையும் என்று தோன்றலாம். ஆனால் கென்னத் சாவிட்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இருபொருள் தரக்கூடிய தொடர்களைக் கணவனோ மனைவியோ சொன்னபோதும் முன்பின் அறியாதவர் சொன்னபோதும் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள். தம் துணைக்குக் கூடுதலாகப் புரியும் என்ற நம்பிக்கை மட்டும் சொன்னவர்களிடம் அதிகமாக இருந்தது. நீண்ட நாள் பழகியவர்களிடமும் முக்கியமானவற்றை முழுமையாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

எழுத்தில் தொனி தானாகவே சென்றுவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. 2005இல் ஜஸ்டின் க்ரூகர் குழுவினர் நடத்திய சோதனையில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கேலியா, உண்மையான பேச்சா என்பதைப் படிப்பவர்கள் 78 விழுக்காடு சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் கணித்தார்கள். கிடைத்ததோ 56 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாகியிருக்கும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது, அது எழுத்தில் ஏறுவதில்லை. கேலி, கண்டிப்பு, மன்னிப்பு ஆகிய மூன்றையும் கூடியவரை நேரிலோ தொலைபேசியிலோ வைத்துக்கொள்வது நல்லது.

இதை வைத்துக்கொண்டு சொற்களுக்கு மதிப்பே இல்லை என்ற முடிவுக்குப் போவது இன்னொரு பிழை. தகவல் பரிமாற்றத்தில் சொற்களின் பங்கு 7 விழுக்காடுதான், மீதி குரலும் முகபாவமும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவது, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளைத் தவறாக நீட்டியதன் விளைவு. விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும் சூழலில் மட்டும் பொருந்தும் எண் அது. ஒரு கணக்கையோ முகவரியையோ முகபாவத்தால் சொல்லிப் பார்த்தால் அதன் எல்லை விளங்கிவிடும்.

அளவைச் சொல்லாமல் விடுவதும் பெரிய தடை. 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டு அறிக்கை ஒன்று, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்கப் பலமான வாய்ப்பு இருப்பதாகக் கூறியது. அதைத் தயாரித்த குழுவைச் சேர்ந்த ஷெர்மன் கென்ட் பின்னர் சக உறுப்பினர்களிடம் விசாரித்தபோது, ஒருவர் அதை நூற்றுக்கு இருபது என்றும் மற்றொருவர் நூற்றுக்கு எண்பது என்றும் மனத்தில் வைத்தே ஒப்புதல் அளித்திருந்தது தெரியவந்தது. எழுதியவர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், படித்தவர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. "விரைவில்", "ஓரளவு", "முடிந்தால்" ஆகியவற்றின் இடத்தில் ஒரு தேதியையோ எண்ணையோ வைத்தாலே பாதிப் பிணக்குகள் எழாது.

"புரிந்ததா?" என்று கேட்டு, "சரி" என்ற பதிலோடு நிறைவடைவதே மிகவும் ஆபத்தான தவறு என்பது என் கருத்து. 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காத நிலையில், அவற்றுள் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்திலிருந்து புறப்பாட்டைக் குறிப்பிட்டு ஒரு செய்தி வந்தது. அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிய கட்டுப்பாட்டாளர் "ஓகே" என்று தொடங்கி, தாம் அழைக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். அதே நொடியில் மற்றொன்றான பான் ஆம் நிறுவன விமானமும் வானொலியில் பேசியதால், "ஓகே"யைத் தவிர மற்றவை கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அதன்பின், புறப்பாட்டைக் குறிக்கும் சொல்லை அனுமதி தரும்போதோ திரும்பப் பெறும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும், கட்டளையின் முக்கியப் பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற நடைமுறைகள் வலுப்பெற்றன.

மருத்துவத்திலும் இதே முறை பரிந்துரைக்கப்படுகிறது. "புரிந்ததா?" என்பதற்கு மாறாக, "நான் சரியாக விளக்கினேனா என்று பார்க்க வேண்டும், இந்த மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். பொறுப்பைச் சொன்னவரே ஏற்பதால் கேட்பவருக்குத் தேர்வு எழுதும் கூச்சம் இருக்காது.

கேட்பவர் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு: புரியாததை மறைப்பது. 12 மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாரேனும் விளக்கம் கேட்டுப் பேச்சைச் சீர்செய்கிறார்கள். ஆகவே கேட்பது இயல்பான செயலே. வெறுமனே "என்ன?" என்று கேட்டால் சொன்னவர் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வார். "செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா?" என்று தவறிய இடத்தைச் சுட்டிக் கேட்டால், அவருக்கு எதை விளக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.