கடைக்குப் போகப் பயமா? பட்டியலை இப்படி எழுதிப் பாருங்கள்

கோவிட்-19 பரவலைத் தடுக்க மலேசியாவில் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய காலத்தில், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மளிகைக் கடை வாசலில் உடல் வெப்பம் பார்க்க நிற்கும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கும். உள்ளே போனால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடும். மல்லித்தூளுக்காக மறுபடியும் வரிசையில் நின்ற நாட்கள் உண்டு.

எனக்கு உதவியது பட்டியல்தான். நினைவுக்கு வரும் வரிசையில் அல்ல, கடையின் வரிசையில் எழுத வேண்டும். நுழைந்ததும் அரிசி, அப்புறம் பருப்பு, மசாலா, எண்ணெய், கடைசியில் கல்லாப் பக்கம் இருக்கும் தேங்காய், கறிவேப்பிலை. பழகிய கடைக்கே போங்கள். கண்ணை மூடினாலே அலமாரிகள் தெரியும். காகிதத்தில் எழுதுவது நல்லது, கைப்பேசியை அடிக்கடி தொட வேண்டியதில்லை. அரை மணி நேரம் சுற்றிய கடையிலிருந்து இப்போது பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறேன். கோவிட்-19 பெரும்பாலும் காற்று வழியாகத் தொற்றுவதால், உள்ளே இருக்கும் நேரம் குறைவதே பெரிய பாதுகாப்பு.

அதனால் வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாக்கெட்டையும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவினால் போதும். முகக்கவசம் மூக்கையும் மூடியிருக்கிறதா, அதைப் பாருங்கள்.

வாசலில் படபடப்பு வந்தால், நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். சரி, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டு, அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.