பழைய பக்கத்தைத் தொடாத மரம்: டிஸ்க்கில் பதிப்புகளைக் காப்பது எப்படி?

கணக்குப் பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கமாட்டார்கள். கீழே புது வரி போடுவார்கள். நாம் கட்டப்போகும் பி-பிளஸ் மரமும் (சாவிகளை வரிசையாக வைத்து, வேர்ப் பக்கத்திலிருந்து இலைப் பக்கம்வரை இறங்கித் தேடும் தரவு அமைப்பு) அப்படித்தான். ஒருமுறை எழுதிய பக்கம் எழுதியபடியே கிடக்கும். கவுச்டிபி என்ற தரவுத்தளத்தின் கோப்பும் இப்படிக் கடைசியில் மட்டுமே வளர்கிறது.

படி 1. கோப்பை 4096 பைட் பக்கங்களாகப் பிரியுங்கள். சாவிக்கு 8 பைட், மதிப்புக்கோ பிள்ளைப் பக்கத்தின் ஆஃப்செட்டுக்கோ (கோப்பில் அது தொடங்கும் இடம்) 8 பைட். தலைப்புக்கு 16 பைட் போக, ஒரு பக்கத்தில் 255 பதிவுகள் அடங்கும். மூன்றே அடுக்கில் ஒன்றரைக் கோடிக்கு மேல் சாவிகளை வைக்கலாம்.

படி 2. ஒரு மதிப்பை மாற்ற வேண்டுமா? அது இருக்கும் இலையை, அதாவது கடைசி அடுக்குப் பக்கத்தை, நினைவகத்தில் நகலெடுத்து, திருத்தி, கோப்பின் கடைசியில் எழுதுங்கள். இலை இடம் மாறிவிட்டதால் அதைச் சுட்டும் தாய்க்கணுவுக்கும் புது நகல் வேண்டும். அப்புறம் வேருக்கும். மற்ற பக்கங்களெல்லாம் இரண்டு பதிப்புகளுக்கும் பொது. 8 பைட் திருத்தத்துக்கு 12 கிலோபைட் எழுதுகிறோம், கொஞ்சம் அதிகம்தான். அதனால் பல திருத்தங்களைச் சேர்த்து ஒரே பதிப்பாக எழுதுங்கள். வேரை ஒருமுறை எழுதினால் போதும்.

பாடப்புத்தக பி-பிளஸ் மரத்தில் ஒவ்வொரு இலையும் பக்கத்து இலையைச் சுட்டும். இங்கே அது வேண்டவே வேண்டாம். ஓர் இலை நகர்ந்தால் அதைச் சுட்டும் இடப்பக்கத்து இலை மாற வேண்டும், அது நகர்ந்தால் அதற்கு முந்தையது. கடைசியில் மரம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டிவரும். அடுத்த இலைக்குப் போக, வேரிலிருந்து வந்த வழியை ஒரு ஸ்டாக்கில் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் பட்டியல்) வைத்துக்கொண்டு மேலேறி இறங்குங்கள்.

படி 3. பதிப்பு எண், வேரின் ஆஃப்செட், முந்தைய கமிட்டின் ஆஃப்செட், செக்சம் (பக்கம் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) இவை நான்கும் கொண்ட கமிட் பக்கம், அதாவது ஒரு பதிப்பு முடிந்தது என்று பதியும் பக்கம், ஒன்று வேண்டும். வரிசை முக்கியம்: மரப் பக்கங்கள், எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்கில் உறுதியாகச் சேர்க்கும் கட்டளை), கமிட் பக்கம், மறுபடி எஃப்சிங்க். வேகத்துக்காக நடு எஃப்சிங்க்கை ஒருமுறை எடுத்துவிட்டேன். கரண்ட் போய் வந்தபோது கமிட் பக்கம் பத்திரமாக இருந்தது. அது காட்டிய வேரில் வெறும் பூஜ்யங்கள்.

படி 4. கோப்பைத் திறக்கும்போது கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள். செக்சம் சரியாக வரும் முதல் கமிட்தான் இன்றைய பதிப்பு. பழசு வேண்டுமானால் முந்தைய ஆஃப்செட்டைப் பிடித்துப் போகலாம்.

படி 5. கோப்பு பெருத்துக்கொண்டே போகும். வேண்டிய பதிப்புகளை மட்டும் புதுக் கோப்புக்கு நகலெடுத்து, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு மாற்றுங்கள். நகலெடுக்கும்போது பழைய ஆஃப்செட்டுக்கு எதிரே புதியதைக் குறிக்கும் அட்டவணை ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் பொதுவான பக்கங்கள் பதிப்புக்கு ஒரு நகலாகப் பெருகி, சுருக்கிய கோப்பு பழசைவிடப் பெரிதாகிவிடும்.