சைனசுக்குள் விழுந்த இம்பிளான்ட்: எடுக்கப்போய் விடும் பிழைகள்

மேல் கடைவாயில் வைத்த இம்பிளான்ட் (பல்லுக்குப் பதிலாக எலும்பில் திருகும் டைட்டேனியம் வேர்) அதற்கு மேலுள்ள சைனசுக்குள் (மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை) போய்விட்டால், புதிதாக இந்த வேலைக்கு வரும் பல் வைத்தியர்கள் அநேகமாக ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

துளையைப் பெருப்பித்துத் துழாவுவது

இம்பிளான்ட் விழுந்ததே அந்த இடத்தில் எலும்பு போதாமல்தான். சைனஸ் தளத்துக்குக் கீழே 4, 5 மி.மீ. உயரம்கூட இல்லை, இருப்பதும் மென்மையான எலும்பு, துளையோ தேவைக்கு மேல் அகலம். பிடிமானம் இல்லாத இம்பிளான்டை இன்னும் ஒரு சுற்று திருகியதும் மேலே போய்விடுகிறது. மிஞ்சிய அந்த மெல்லிய எலும்பைத்தான் பிறகு பர் (சுழன்று அரியும் முனை) வைத்து அரிகிறார்கள். 4 மி.மீ. துளை 8, 10 மி.மீ. ஆகிறது. உள்ளே தெரிவதோ கிழிந்த சவ்வும் இரத்தமும் மட்டும். நோயாளி மல்லாந்து கிடப்பதால் இம்பிளான்ட் பின்சுவர்ப் பக்கம் உருண்டிருக்கும். கீழிருந்து நேரே போகும் கருவிக்கு அந்த மூலை எட்டாது; நுனி பட்டால் இன்னும் தள்ளிப்போகும். காந்தம் தேடுபவர்களும் உண்டு. டைட்டேனியம் காந்தத்தில் ஒட்டாது.

இப்படித் துழாவிய பிறகு வைத்தியசாலைக்கு வருபவருக்குப் பிரச்சினை இரண்டு: உள்ளே இம்பிளான்ட், கீழே, குடித்த தேத்தண்ணீர் மூக்கால் வரும் அளவுக்கு ஓட்டை. இரண்டாவதுதான் கரைச்சல். 2 மி.மீ.க்குக் குறைந்த ஓட்டை பெரும்பாலும் தானே மூடும். 5 மி.மீ.ஐத் தாண்டினால் கன்னப் பக்கத்து ஈறு மடலையோ கன்னக் கொழுப்பையோ இழுத்துத் தைக்க வேண்டும். அடுத்த இம்பிளான்டுக்கு எலும்பும் மிஞ்சாது.

இம்பிளான்டின் தலை துளைவாயிலேயே தெரிந்தால் ட்ரைவரைப் பொருத்தியோ நுண்ணிய உறிஞ்சுகுழாயாலோ ஒரு தடவை முயலலாம். ஒரே ஒரு தடவை. வராவிட்டால் ஆளை நிமிர்த்தி இருத்தி, ஈறைத் தைத்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, தாடை முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள். கடிதத்தில் இம்பிளான்டின் விட்டம், நீளம், மூடித்திருகு (அதன் வாயை மூடும் சிறு திருகு) போட்டதா இல்லையா என்பது இருக்கட்டும். எடுத்தது முழுவதும்தானா என்று பார்க்க அது வேண்டும்.

பழைய ஸ்கானை நம்புவது

சைனஸ் சவ்வின் நுண்மயிர்கள் எதையும் மேல் உட்சுவரில் உள்ள இயற்கைத் துவாரத்தை நோக்கியே தள்ளும். இம்பிளான்டும் அப்படி நகரலாம், சிலவேளை கண்களுக்கு இடையிலுள்ள எத்மொய்ட் காற்றறைகள் வரைக்கும். சத்திரசிகிச்சை நாளன்று திரும்ப எடுங்கள். தாடை மட்டும் விழுந்த படம் போதாது. துவாரம் திறந்திருக்கிறதா என்றும் தெரிய வேண்டும். அது அடைபட்டுச் சீழும் இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரோடு சேர்ந்து மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பால் துவாரத்தையும் அகட்ட வேண்டும்.

யன்னலைக் கண்மதிப்பில் வெட்டுவது

கால்ட்வெல் 1893இலும் லூக் 1897இலும் எழுதிய, சைனசின் பக்கச்சுவரில் யன்னல் வெட்டி உள்ளே போகும் வழி இன்றும் நல்ல வழிதான். யன்னலின் மேல் விளிம்பு கண்குழிக்குக் கீழுள்ள நரம்புத் துவாரத்திலிருந்து 5 மி.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்னமும் மேலுதடும் விறைத்துப்போகும். பக்கச்சுவருக்குள் ஓடும் தமனியை ஸ்கானில் முன்பே பார்த்து வைக்கவும். மீயொலி அதிர்வால் வெட்டும் பீசோ கருவியைப் பாவித்தால், வெட்டிய எலும்புத் துண்டை மூடியாகத் திரும்ப வைக்கலாம். இம்பிளான்ட் கண்ணில் படாவிட்டால் சேலைன் (உப்புநீர்) விட்டு அலசி, அகன்ற உறிஞ்சுகுழாயைப் பாவியுங்கள்.

சவ்வு முழுவதையும் சுரண்டுவது

வேண்டாம். நோயுற்ற பகுதி மட்டும்.

"நோகவில்லை, கிடக்கட்டும்"

கிடக்கக்கூடாது. வருடங்கள் கழித்தும் சைனஸ் அழற்சி வரும், பூஞ்சையும் பிடிக்கும்.

பொதுவான அறிவுரைத் தாளோடு வீட்டுக்கு அனுப்புவது

இரண்டு கிழமைக்கு மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரோவும் புகையும் கூடாது, மூக்கடைப்புச் சொட்டுமருந்து 5 நாளுக்கு மேல் வேண்டாம். இது தாளில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அது போதாது. நாதஸ்வரக் கலைஞருக்குத் திருவிழாக் காலம், கோயிலில் சங்கு ஊதுபவருக்கு நாள்தோறும் பூசை, இளம்பிள்ளைகளுக்குக் கீரிமலைக் கேணியில் பாய்ச்சல். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, போகுமுன் பல்லையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரும் கனடாக்காரரிடம், விமானத்தில் காற்றழுத்தம் மாறும் என்பதால், விமானச் சீட்டின் திகதியைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் சீட்டு மாற்றும் காசுக்கு உங்களோடுதான் சண்டை.