பழைய வயலினின் குரலைச் சாம்பிள்களாகப் பதிவு செய்வது எப்படி?

2019 ஜனவரியில் இத்தாலியின் கிரெமோனா நகரில், அருங்காட்சியக அரங்கைச் சுற்றியுள்ள தெருக்களில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அரங்கில் காற்றோட்ட இயந்திரத்தை அணைத்து, 32 மைக்குகளை வைத்து, 1727-இல் புகழ்பெற்ற வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் உட்பட நான்கு பழைய கருவிகளின் ஒலியைச் சாம்பிள்களாக, அதாவது கணினியில் விசையை அழுத்தி மீண்டும் ஒலிக்கச் செய்யக்கூடிய சிறு பதிவுகளாக, சுரம் சுரமாகப் பதிந்தார்கள். இக்கருவிகள் ஒருநாள் வாசிக்க முடியாத அளவு நலிந்துவிடலாம் என்ற கவலைதான் காரணம். அந்த வேலையின் சிறிய வடிவத்தை இரண்டு மைக்குகளோடு நீங்களும் செய்யலாம்.

படி 1: அறை. மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு மைக்கைக் கருவிக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்திலும், மற்றொன்றைச் சற்றுத் தள்ளியும் வையுங்கள். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் போதும். இடம் குறித்துவிட்டு மைக்கை அசைக்காதீர்கள்.

படி 2: பட்டியல். நாற்பது சுரங்கள், மூன்று ஒலி அளவுகள், வில்லின் இரு திசைகள், ஒவ்வொன்றும் இருமுறை என்றால் 480 பதிவுகள். பலமாக வாசித்ததன் ஒலியளவைக் குறைத்து மென்மையான சுரமாக்க முடியாது. மெல்ல இழுக்கும்போது மேல் அதிர்வுகள் குறைந்து நாதத்தின் நிறமே மாறுகிறது. இருமுறை பதிவதற்கும் காரணம் உண்டு. ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

படி 3: வாசிப்பு. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். 440 ஹெர்ட்ஸ் சுரம் திறந்த தந்தியில் ஒரு விதமாகவும், அதற்குக் கீழ்த் தந்தியில் விரல் வைத்து வாசித்தால் வேறு விதமாகவும் ஒலிக்கும், இரண்டும் வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நழுவும் அந்தக் கணத்தையும் தனியாகப் பதியுங்கள். தனிச் சுரங்களை மட்டும் அடுக்கினால் பாட்டு துண்டு துண்டாகக் கேட்கும். சுருதியை அடிக்கடி சரிபாருங்கள். கருவிக்கும் கலைஞருக்கும் ஓய்வு கொடுங்கள். முதிய மரத்தை அவசரப்படுத்தக் கூடாது.

படி 4: வெட்டுதல். சுரத்தின் தொடக்கத்தை ஒட்டி வெட்டுங்கள். வில் தந்தியைப் பற்றும் உரசலை விட்டுவிடாதீர்கள். இரைச்சல் நீக்கியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது இரைச்சலோடு கருவியின் மூச்சையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு கோப்புகளுக்குச் சுரம், தந்தி, அளவு, திசை என்ற வரிசையில் பெயரிட்டு, டீசன்ட் சாம்ப்ளர் போன்ற இலவச மென்பொருளில் கீபோர்டின் அந்தந்த விசைக்குப் பொருத்துங்கள்.

வெட்டாத மூலப் பதிவுகளை இரண்டு இடங்களில் சேமியுங்கள். அவற்றோடு தந்தி வகை, வில், அறையின் ஈரப்பதம், மைக்கின் தூரம் ஆகியவற்றையும் எழுதி வையுங்கள்.