“டிஜிட்டல் கொடுப்பனவு பயன்படுத்துகிறீர்களா?” என்று கேட்காதீர்கள்

வினாக்கொத்தில் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, “கடைசியாகக் கடையில் சாமான் வாங்கியபோது எப்படிப் பணம் கொடுத்தீர்கள்?” என்று கேளுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ முகாமைத்துவம் படித்துக்கொண்டு ஆய்வுக்காகக் காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் ஏறி இறங்குபவர்களுக்குத்தான் இது.

பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காவது “ஓம்” என்று சொல்லிவிடுவார்கள், இன்னொருவர் தன்னுடைய போனிலேயே கொழும்பு மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பிக்கொண்டு, அதெல்லாம் டிஜிட்டல் என்று நினைக்காமல் “இல்லை” என்பார். கடைசித் தடவை என்றால் ஞாபகம் இருக்கும், யோசித்து அழகுபடுத்த இடமில்லை. விடைகளில் காசு, கார்ட், லங்கா கியூஆர் (போனால் ஸ்கேன் பண்ணிக் கட்டுவது), வங்கிச் செயலி, ஈஸி கேஷ் (போன் நம்பரில் பணம் அனுப்புவது) எல்லாம் போட்டு, கடன் கொப்பியையும் மறக்காமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் கடனுக்கு வாங்கியவரும் காசு என்றே புள்ளடி போடுவார்.

ஒன்று, கரண்ட் பில், டியூஷன் காசு மாதிரி மாதத்துக்கு ஒருமுறை வருவதற்கு இந்தக் கேள்வி பிடிக்காது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு தடவையை வைத்து ஒருவருடைய பழக்கத்தைச் சொல்லவும் முடியாது, பலரைக் கேட்டால்தான் மொத்தப் போக்குத் தெரியும், பத்துப் பதினைந்து பேர்தான் என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். வங்கி மேல் நம்பிக்கை எவ்வளவு என்பதற்கெல்லாம் “முற்றாக உடன்படுகிறேன்” முதல் “முற்றாக மறுக்கிறேன்” வரை ஒன்றைத் தெரியச் சொல்லும் பழைய லைக்கர்ட் அளவுகோலே சரி.